கிழக்குக் கட்டையும் எங்கப்பாவும்

கிளின்ட் ஈஸ்ட்வுட் என்ற பெயரைத் தமிழ்ப்படுத்தினால் என்ன வரும், சொல்லுங்கள்? ஈஸ்ட் என்றால் கிழக்கு. வுட் என்றால் கட்டை. ஆக, கிழக்குக் கட்டை! 2010-ல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படத்தில் வில்லன் நாசருக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார் இயக்குநர் சிம்புதேவன். அந்த வில்லனிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டிய ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம்.

அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் ஒரே ஒரு ஆள் பலமாகக் கை தட்டினார். எங்கப்பாதான்.

ஜெய்சங்கர் என்றால் உங்களுக்கு சி.ஐ.டி. வேஷம் ஞாபகம் வரலாம். அப்பாவுக்கு அவர் குதிரை வீரர். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டுமே 1972-ல் வந்தவை. தொப்பி, துப்பாக்கி, பழிக்குப் பழி எல்லாம் நம்மூர்ப் பொட்டலில். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நம்பினார்கள்.

அதே வருஷம்தான் பக்கத்துச் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தது. 1984-ல் லயன் காமிக்ஸ். அப்பா நம்பின குதிரை வீரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது லயனில் வந்த லக்கி லூக். நிஜ டால்டன் கொள்ளையர்கள் ஐந்து பேர் 1892-ல் அமெரிக்காவின் காஃபிவில் ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போய், நாலு பேர் அங்கேயே செத்தார்கள். காமிக்ஸில் வரும் டால்டன்களோ உயரவரிசையில் நின்று அசடு வழிவார்கள். அவர்களைக் காவல் காக்கிற ரின்டின்கேன் உலக மகா முட்டாள் நாய். ராஜபாளையம் நாயைப் பார்த்து வளர்ந்த பயல்களுக்கு இதைவிட வேறென்ன சிரிப்பு வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு. ஏழு மாசம் சம்பளம் இல்லை. எங்களுக்கு அது தெரியாது. தினமும் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போவார். சாயங்காலம் வாசலில் நின்று விரலைத் துப்பாக்கியாக்கி, "கையத் தூக்குலே, டுமீல்!" என்பார். நாங்கள் விழுந்து சாவோம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

பகலெல்லாம் அவர் எங்கெங்கோ கூலிக்கு மூட்டை தூக்கினார் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

படத்துக்கு வருகிறேன். காணாமல்போன வீரனைப்போலவே முகம் உள்ள ஒருவனைக் கூட்டிவந்து, "அவனாகவே நடி" என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவன்தான் ராகவா லாரன்ஸ். தியேட்டரே சிரித்துக்கொண்டிருந்தது. நானும்தான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் என்று நினைத்தேன்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, "பய நடிச்சே ஊரக் காப்பாத்திட்டான், பாத்தியா?" என்றார்.

"ஆமாப்பா" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

கேலிப் படம்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் உயிருக்குயிராக நம்பினதைத்தான் இப்படி ஆசையாகக் கேலி பண்ண முடியும். வீரன் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அப்பா உங்களுக்கும் இருந்திருப்பார். யோசித்துப் பாருங்கள்.

டீக்காசை நான் எடுப்பதற்குள் அப்பா விரலை நீட்டிவிட்டார்.

"கையத் தூக்குலே!"

தூக்கினேன். காசை அவரே கொடுத்தார்.