யார் படிக்க, யார் உழைக்க

போலந்தின் கிராக்கோவ் நகரில் துணி தைத்துப் பிழைத்தவர் சாரா ஷெனிரர். அவர் காலத்து யூதச் சிறுவர்கள் மதப் பள்ளிக்குப் போனார்கள். சிறுமிகள் அரசின் கட்டாயக் கல்விச் சட்டப்படி பொதுப் பள்ளிக்குப் போனார்கள். மகளுக்குத் தோரா கற்பிப்பது தகாது என்று தால்முத்தில் ஒரு குரல் உண்டு. பழமைவாதக் குடும்பங்கள் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஊரில் 1917இல் இருபத்தைந்து சிறுமிகளோடு அவர் பள்ளி தொடங்கினார். அதுவே பெய்ஸ் யாகோவ். ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரியும் வந்தது. அங்கே படித்த இளம்பெண்கள் முன்பின் அறியாத சிற்றூர்களுக்குத் தனியே போய் வகுப்பெடுத்தார்கள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இன அழிப்புக்குப் பின் அந்தக் கல்லூரிகள் இஸ்ரேலில் மீண்டும் எழுந்தன. அங்கே இன்னொரு நோக்கமும் சேர்ந்தது. பினே பிராக் கல்லூரியை நடத்திய ரப்பி வுல்ஃப் போன்றவர்கள், திருமணத்துக்குப் பிறகும் மதக்கல்வியைத் தொடரும் கணவனைச் சம்பாதித்துக் காப்பதே பெண்ணின் பெருமை என்று மாணவியரிடம் சொன்னார்கள். பள்ளி முடித்து இரண்டு ஆண்டு பயிற்சி, இருபதை ஒட்டிய வயதில் கல்யாணம், உடனே வேலை. கணவனுக்குக் கோலெல் தரும் உதவித்தொகை சொற்பம். பிள்ளைகளோ சராசரியாக ஆறுக்கும் மேல்.

எல்லாருமே ஆசிரியை ஆனால் வகுப்பறைக்கு எங்கே போவது? இடங்கள் நிரம்பிவிட்டன. கிடைத்ததும் பெரும்பாலும் பகுதிநேர வேலைதான். எனவே கல்லூரிகளே கணக்குப்பதிவும் மென்பொருளும் கற்பிக்கத் தொடங்கின. மோதியின் இல்லிட் நகரில் இவர்களுக்கென்றே மென்பொருள் அலுவலகங்கள் வந்தன. தனி அறை, மதக் கட்டுப்பாடுகளுக்கு மதிப்பு, வீட்டுக்கு அருகில் வேலை. விலையாகச் சந்தைக்கும் குறைந்த சம்பளம். வேறெங்கும் போகமாட்டார்கள் என்று முதலாளிக்குத் தெரியாதா என்ன! இன்று ஹரேதிப் பெண்களில் ஐந்தில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். ஆண்களில் பாதிக்குச் சற்று மேல்.

வேலைக்குப் போனால் விடுதலை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்தப் பெண்களை வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. அடிமைகள் என்று எழுதவும் கை வரவில்லை. தாங்கள் மனமுவந்து ஏற்றதாகவே பலரும் சொல்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் பெய்ஸ் யாகோவ் பாடத்திட்டத்தில் தால்முத் கிடையாது. கணவன் நாள் முழுதும் படிக்கும் அந்த நூல் அவளுக்குக் கற்றுத்தரப்படுவதில்லை. அதைப் படிக்கும் செலவு மட்டும் அவளுடைய சம்பளத்திலிருந்து போகிறது.