தாத்தாவின் ரெக்கார்டும் 15-0-15 டிரான்ஸ்பார்மரும்



நமக்குச் சோறு எப்படியோ, மின்கருவிக்குக் கரெண்ட் அப்படி. ஆனால் எல்லாருக்கும் ஒரே சோறு ஒத்துக்காது. கைக்குழந்தைக்குக் குழைச்சுத்தான் ஊட்டணும். சுவரில் வரும் 230 வோல்ட்டைக் குழைத்து ஊட்டுவதற்குப் பெயர்தான் பவர் சப்ளை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று செய்தோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்க தாத்தா மைக்செட் வைத்திருந்தார். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கட்டுவார்கள். 2018-இல் தாத்தா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய், 74 ரெக்கார்டு. தட்டு சுற்றும் பெட்டி எப்போதோ கெட்டுவிட்டது. பழைய ரெக்கார்டு வாங்கும் ஒருத்தர் வந்து மொத்தமாக விலை பேசினார். அப்பா, "பாடாத தட்டை வச்சு என்ன செய்ய? பொங்கலுக்குள்ள பாட வச்சா இருக்கட்டும். இல்லன்னா குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. பீடி சுற்றிக்கொண்டே இருந்தாள்.

என் மாமா டி.வி. மெக்கானிக். அவர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். தாத்தாவின் பெட்டியில் இருந்தது கிரிஸ்டல் தலை. அதிலிருந்து வரும் சத்தத்தை நேராக ஆம்ப்ளிபயரில் கொடுக்கலாம். இதில் இருப்பது காந்தத் தலை. இது கொடுப்பது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான்! அதை 100 மடங்குக்குப் பக்கமாகப் பெருக்கினால்தான் ஆம்ப்ளிபயர் ஏற்றுக்கொள்ளும். அதற்கு நடுவில் ஒரு சின்ன ப்ரீ-ஆம்ப்ளிபயர் வேண்டும். மாமா அதை ஒரு ஸ்டீல் டிபன் பாக்ஸுக்குள் செய்தார். "பவர் சப்ளைய நீ செய், மருமவளே" என்றார். "பொம்பளப் பிள்ளைக்குக் கரெண்ட் வேலையா?" என்றாள் ஆச்சி. "230 பக்கம் நான் பாத்துக்கிடுதேன் அத்தை, அவ இந்தப் பக்கம் மட்டும்தான்" என்றார் மாமா.

செய்முறை இதுதான். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 12-0-12 ஆகக் குறைக்கும். ஆனால் அது இன்னும் மாறு மின்னோட்டம்தான். ஒரு வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வரும். 1N4007 என்ற டயோடு நான்கைப் பாலம் மாதிரி கட்டினால் ஒரே திசையில் ஓட வைத்துவிடும். ஆனாலும் சீராக வராது, வினாடிக்கு 100 முறை குதித்துக் குதித்து வரும். அதைச் சமாளிக்கத்தான் 1000 மைக்ரோபாரட் கன்டன்சர். நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணி வந்துகொண்டே இருக்கும் அல்லவா? கடைசியில் 7812, 7912 என்ற இரண்டு ரெகுலேட்டர். ஒன்று +12, இன்னொன்று -12 வோல்ட் கொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் கால்கள் வேறு வேறு. 7812-க்கு முதல் கால் உள்ளே வரும் வழி, நடுக்கால் பூமி. 7912-க்கு முதல் கால் பூமி, நடுக்கால் உள்ளே வரும் வழி. மூன்றாம் கால் மட்டும்தான் இரண்டிலும் வெளியே போகும் வழி. ஈயம் வைப்பதற்கு முன் நான் தாளில் படம் வரைந்து பெயர் எழுதிக்கொண்டேன்.

இவ்வளவு பாடு எதற்கு? கன்டன்சருக்குப் பிறகும் கொஞ்சம் குதிப்பு மிச்சம் இருக்கும். எங்கள் கணக்குப்படி அது 200 மில்லிவோல்ட். ஊசி கொடுப்பதோ 5. அதாவது இரைச்சல், பாட்டைவிட 40 மடங்கு! ரெகுலேட்டர் அதைப் பல நூறு மடங்கு குறைத்துவிடும். இன்னொரு விஷயமும் உண்டு. ரெக்கார்டு செய்யும்போது அடித்தொண்டைச் சத்தத்தைக் குறைத்துத்தான் பதிவார்கள், ப்ரீ-ஆம்ப்ளிபயர் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இந்த முறை 1954-இலிருந்து இருக்கிறதாம். அதனால் 'ம்ம்ம்' என்ற கரெண்ட் சத்தம் துளி நுழைந்தாலும் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.

ஞாயிறு காலை 11 மணிக்குப் போட்டுப் பார்த்தோம். பாட்டு கணீர் என்று வந்தது. ஆனால் ஆச்சி பீடி சுற்றி முடிப்பது சாயங்காலம்தான். 7 மணிக்கு வந்து உட்கார்ந்தாள். தட்டைப் போட்டால் பாட்டோடு 'கொர்ர்ர்' என்று ஒரே இரைச்சல்! "காலைல நல்லாத்தான பாடுச்சு?" என்று அப்பா கேட்டார். பொங்கலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

மாமா பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரி இரண்டை மாட்டினார். இரைச்சல் போய்விட்டது. அப்படியென்றால் ப்ரீ-ஆம்ப்ளிபயரில் கோளாறு இல்லை. பேட்டரியே போதுமே என்று நினைக்கலாம். ஆனால் அது தீரத் தீர யார் வாங்குவது? பிறகு சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தார் மாமா. 190 வோல்ட்தான்! எங்கள் வீடு தெருவில் கடைசி வீடு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டு, டி.வி., மோட்டார் போட்டால் எங்களுக்கு லோ வோல்டேஜ்.

நான் நோட்டில் கணக்குப் போட்டேன். 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 17. டயோடு தின்பது 0.7. மிச்சம் 16.3. இது காலைக் கணக்கு. சாயங்காலம் 190 என்றால் 12 என்பது 9.9 ஆகிவிடும். கடைசியில் மிஞ்சுவது 13.3 மட்டும். 12 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 14-ஆவது வேண்டும். இல்லாவிட்டால் அது வேலை செய்யாமல் இரைச்சலை அப்படியே வெளியே விட்டுவிடும். இதே கணக்கை 15-0-15 டிரான்ஸ்பார்மருக்குப் போட்டேன். 190-லும் 16.8 வருகிறது! மாமா நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "சரிதான் மருமவளே. ஆனா காலைல வோல்டேஜ் ஏறுமே, கன்டன்சரை 25 வோல்ட்லேருந்து 35 வோல்ட்டா மாத்திருவோம்" என்றார்.

புதன்கிழமை மாற்றினோம். டிரான்ஸ்பார்மரின் காந்தமும் இரைச்சலைக் கொடுக்கும் என்பதால் பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் வைத்துத் தள்ளி வைத்தோம். அன்று சாயங்காலம் 7 மணிக்கு மீட்டர் 185 காட்டியது. தட்டு பாடியது. இரைச்சல் இல்லை. ஆச்சி ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். பிறகு, "இந்தத் தட்டுல மூணாவது பாட்டுல ஊசி குதிக்கும். தாத்தா ஒரு கொடைல கீழ போட்டுட்டாரு" என்றாள். திருப்பிப் போட்டோம். அப்படியே குதித்தது!

ரெக்கார்டு வாங்க வந்தவரிடம் அப்பா, "குடுக்கதா இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆச்சி இப்போது 74-க்கும் எந்தக் கொடையில், யார் வீட்டுக் கல்யாணத்தில் போட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். நான் எழுதி வைக்கிறேன். 31 முடிந்திருக்கிறது.

தோழிகளே, நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் 230 வோல்ட் பக்கத்தைத் தெரிந்த பெரியவர்தான் தொட வேண்டும், பியூஸ் கட்டாயம் வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கன்டன்சரில் கரெண்ட் இருக்கும், உடனே கை வைக்காதீர்கள். முக்கியமாக, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி