இந்த ஊரில் யாருக்கு ஹீட்டர்?

"இந்த ஊர்ல ஹீட்டரை வெச்சுக்கிட்டு இன்னாண்ணே பண்றது? தூக்கிப் போட்டுடு."

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து டிரைவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சித்திரையில் கார் கதவைத் தொட்டாலே கை சுடுகிற ஊர். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒழுகுகிற ஹீட்டர் காயிலை நானே எத்தனையோ வண்டிகளில் பைபாஸ் செய்து அனுப்பியிருக்கிறேன். இந்தச் சமவெளியில் அது தப்பான வேலை இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தக் காயில் வண்டிக்குள் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாமல் அதை வெட்டி விடுகிறவரோடு எனக்கு ஒத்துப்போகாது.

டாஷ்போர்டுக்குப் பின்னால், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். அதுதான் ஹீட்டர் காயில். எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக உள்ளே போய் இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். ஹீட்டர் போடாதபோது அதில் எதுவும் ஓடாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பல கார்களில் தண்ணீரை நிறுத்தும் வால்வே கிடையாது. கூலன்ட் எந்நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காற்று அந்தக் காயில் வழியாகப் போக வேண்டுமா, அதை ஒதுக்கிவிட்டுப் போக வேண்டுமா என்பதை ஒரு தகடுதான் முடிவு செய்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து சிவப்புப் பக்கம் குமிழைத் திருப்பாதவர் காரிலும் அந்தக் காயில் தினமும் 90 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். "நான் போட்டதே இல்லையே, எப்படிண்ணே ஓட்டை ஆச்சு?" என்பவருக்கு இதுதான் பதில்.

ஓட்டைக்குப் பெரும்பாலும் நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் காரணம். ரேடியேட்டரில் அளவு குறைந்தால் டீக்கடைக் குடத்திலிருந்து ஒரு சொம்பு, பெட்ரோல் பங்க் குழாயிலிருந்து ஒரு பாட்டில். மரக்காணம் பக்கம் உப்பளம் இருக்கிற பூமி. போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். உள்ளே தள்ளிப் போனால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற கடினத் தண்ணீர். உப்பு அலுமினியத்தைத் தின்னும், சுண்ணாம்பு சின்னக் குழாயை அடைக்கும். கூலன்ட்டில் இருக்கும் துரு தடுப்பு மருந்து, தண்ணீர் சேரச் சேர நீர்த்துப்போகும். ஹீட்டர் காயிலின் தகடு மெல்லியது, குழாயும் குறுகல். முதல் அடி அதற்குத்தான் விழும். இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. எர்த் வயர் சரியில்லாத வண்டியில் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாயும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, மறு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டில் நனைத்துப் பார்த்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் புதுக் காயில் போட்டாலும் அதுவும் போகும்.

கார்ப்பெட் ஈரம் என்று வண்டி வந்தால் நான் முதலில் சாவியைக் கூடத் திருப்ப மாட்டேன், குனிந்து கையை வைத்துப் பார்ப்பேன். ஈரம் மூன்று வகை. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் தூசி, இலை அடைத்து உள்ளே வழிந்தால் அது சுத்தமான, குளிர்ந்த தண்ணீர். விரலில் தேய்த்தால் ஒன்றும் ஒட்டாது, வெயிலில் காய்ந்துவிடும். கோடையில் வருகிற ஈரத்தில் பாதிக்கு மேல் இதுதான். மழைத் தண்ணீர் மண்ணோடு வரும், மக்கிய வாசனை அடிக்கும். கூலன்ட் அப்படி இல்லை. விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வழவழவென்று நழுவும், பச்சையோ ரோஸோ கலந்திருக்கும், பாகு போல ஒரு இனிப்பு வாசனை, எத்தனை நாளானாலும் காயாது. சில மேஸ்திரிகள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். வேண்டாம். கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிட்டுச் சாகும். பட்டறைத் தரையில் சிந்தினால் உடனே கழுவச் சொல்வது அதனால்தான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் அரசூர் அருகே திருச்சி சாலையே தண்ணீரில் மூழ்கியது. அதற்குப் பிறகு வந்த கார்கள் எல்லாவற்றிலும் கார்ப்பெட் ஈரம், எல்லோரும் சொன்ன காரணம் வெள்ளம். அதில் சில வண்டிகளை வெயிலில் காய வைத்து அனுப்பியும் பக்கத்து சீட்டுக் காலடி மட்டும் மறுபடி நனைந்தது. கண்ணாடியின் உள்பக்கம் துணியால் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம். ராத்திரி எதிர் லாரி விளக்கில் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பூத்துவிடுகிறது என்றார்கள். வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டை காயிலிலிருந்து ஆவியாகிற கூலன்ட், ஊதுகிற காற்றோடு போய்க் கண்ணாடியில் படிவது அது.

சரி, பைபாஸ். ரோட்டோரத்தில் செய்கிற முறை எனக்குத் தெரியும்: இரண்டு ஹோஸையும் கழற்றி, எஞ்சின் பக்க வாயில் போல்ட்டைச் சொருகி கிளிப் போட்டு முறுக்கிவிடுவது. ஒழுகல் நிற்கும். ஆனால் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் வரை கூலன்ட் சுற்றி வருவதற்கு ஹீட்டர் வழிதான் பாதை. வால்வு பெரும்பாலும் 82லிருந்து 88 டிகிரிக்குள் திறக்கும். சூடான தண்ணீர் தன் மேல் பட்டால்தான் அதற்கு அது தெரியும். பாதையை அடைத்துவிட்டால் ஹெட்டில் ஒரு மூலை கொதிக்கும், வால்வு தூங்கும், சூட்டு மீட்டர் முள்ளும் உடனே காட்டாது. அதனால் நான் அடைப்பதில்லை. போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சுற்றுப்பாதையாக விடுகிறேன். ஓட்டம் ஓட்டமாகவே இருக்கும், காயில் மட்டும் விலகிக்கொள்ளும்.

எதை வைத்துச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். எலக்ட்ரிக்கல் கடை பி.வி.சி. துண்டைச் சொருகிவிட்ட வண்டிகள் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். 80 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும் பிளாஸ்டிக் அது. 90 டிகிரியும் அழுத்தமும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் நடுவழியில் பிதுங்கிக்கொண்டு வரும். பித்தளை ஜாயின்ட் அல்லது வார்ப்பாகவே வளைந்து வரும் ஹீட்டர் ஹோஸ்தான் சரி. நேர் ஹோஸை வளைத்தால் நடுவில் மடங்கும். மடங்கினால் அடைத்ததற்குச் சமம். குழாய் விட்டம் 16 மில்லிமீட்டரா 19ஆ என்று காலிப்பரால் அளந்துவிட்டுத்தான் கடைக்கு ஆள் அனுப்புவேன். வளைவை எஞ்சினின் மேல்மட்டத்துக்குக் கீழேயே கட்ட வேண்டும். மேலே தூக்கிக் கட்டினால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டு இறங்காது. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஏர் எடுத்து, பேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதற்கு அவசரப்படுகிறவரிடம் நான் வண்டியைக் கொடுப்பதில்லை.

பழைய காயிலுக்குள் தங்கிய கூலன்ட்டை மறக்கக் கூடாது. பைபாஸ் போட்ட பிறகும் அது ஒரு வாரம் சொட்டும், "நீ சரி பண்ணவே இல்ல" என்று சண்டை வரும். மெல்லிய காற்றில் ஊதிப் பாத்திரத்தில் பிடித்துவிட்டு, இரு குழாய் வாயையும் மூடி போட்டு அடைப்பேன். கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் ஃபெல்ட்டையும் வெளியே எடுத்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். அதன் கீழே வயர் கனெக்டர்கள் ஓடுகின்றன, பச்சையாகப் பூத்துப் போயிருக்கும்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் அடுத்த நாளே போன் செய்வார். "அண்ணே, ஏசி சும்மா கிழிக்குது!" ஏசிக்கு நான் கை வைக்கவே இல்லை. கூலிங் காயில் பக்கத்திலேயே கொதிக்கும் ஒரு காயில் இருந்தது, காற்றைத் திருப்பும் தகட்டின் ஓரத்து ஸ்பாஞ்ச் உதிர்ந்து வெப்பம் கசிந்துகொண்டிருந்தது. அது போனதால் குளிர் கூடியது. பாராட்டை வாங்கிக்கொள்வேன், மறுப்பானேன்!

இழந்தது எது என்று அவருக்கு அப்போது தெரியாது, அதை முன்பே சொல்வது என் வேலை. இந்தப் பக்கத்து டூரிஸ்ட் வண்டி மேல்மருவத்தூரும் திருவண்ணாமலையும் மட்டும் போகிறதா, டிசம்பரில் ஊட்டிக்கும் ஏறுமா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். மார்கழி விடியலில் திண்டிவனம் சாலைப் பனியில் கண்ணாடி உள்ளே மூடினால் ஏசி ஒன்றே ஈரத்தை வாங்கிவிடும். குளிர்காற்றை நேராகக் கண்ணாடியில் விட்டால் வெளிப்பக்கம் பூக்கும், வைப்பர் தட்டினால் போயிற்று. மலையில் அப்படி இல்லை. ஏழு பேர் மூச்சு, ஈர ஸ்வெட்டர், ராத்திரி குளிர், வளைவுகள். அங்கே உலர்ந்த சூடான காற்று வேண்டும். அமெரிக்காவில் கண்ணாடிப் பனி நீக்கும் வசதிக்கென்றே 103 என்ற எண்ணில் ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. அங்கே இந்த பைபாஸை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, வெயில் ஊர்க்காரர்களுக்கே உரியது. டோல் வரிசையிலோ ஏற்காடு ஏற்றத்திலோ முள் மேலே போனால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரைக் கடைசிப் புள்ளிக்குத் திருப்பி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்ட வேண்டும். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்து கொட்டும், வியர்த்து ஊற்றும், ஆனால் ஹெட் கேஸ்கட் தப்பும். மே மாதம் யாரும் ஹீட்டர் போட மனசு வைக்க மாட்டார்கள், போட்டவர்கள் பிழைத்தார்கள். பைபாஸ் செய்த வண்டியில் அந்த இரண்டாவது ரேடியேட்டர் இல்லை. அதனால் பைபாஸ் போடும் வண்டியில் பேன், ரேடியேட்டர் மூடியின் அழுத்தம், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

மலைக்குப் போகிற வண்டி என்றால் டாஷ்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சில மாடல்களில் காலடிப் பக்கத்து மூடியைத் திறந்தால் காயில் பக்கவாட்டில் உருவி வரும், அது அதிர்ஷ்டம். பலவற்றில் பேட்டரி வயரைக் கழற்றி, ஏர்பேக் மின்சாரம் வடியப் பொறுத்திருந்து, ஸ்டீயரிங், டாஷ், குறுக்குக் கம்பி எல்லாம் இறக்க வேண்டும். கூலிங் காயிலும் அதே பெட்டியில் இருந்தால் ஏசி கேஸும் போகும். பொருள் விலையை விடக் கூலி பல மடங்கு ஆவது இதனால்தான். "புதுப்பேட்டையில பழசு கிடைக்கும்ணே" என்பார்கள். கிடைக்கும். ஆனால் இவ்வளவு பிரித்துவிட்டு இன்னொரு ஊர் உப்புத் தண்ணீர் குடித்த காயிலை மாட்ட எனக்குக் கை வராது. புதிதையும் வாளித் தண்ணீரில் முக்கி, 1 பார் காற்று விட்டு, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுகிறேன். பழைய பித்தளைக் காயில் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து ஒட்டலாம். அலுமினியத்துக்கு அந்த ஈயம் பிடிக்காது, பசை நிற்காது. மஞ்சள் தூளையும் லீக் அடைக்கும் பவுடரையும் ரேடியேட்டரில் கொட்டுகிறவர்கள், ஓட்டையை விட நல்ல குழாய்களைத்தான் அதிகம் அடைக்கிறார்கள்.

பைபாஸ் செய்த ஒவ்வொரு வண்டியிலும் பானெட்டுக்குள், ரேடியேட்டருக்கு மேல் இருக்கும் பட்டையில், பெயின்ட் மார்க்கரால் 'ஹீட்டர் பைபாஸ்' என்று தேதியோடு எழுதிவிடுகிறேன். ஒரு சிலருக்கு இது பிடிக்காது. "விக்கும்போது விலை குறையும், அழிச்சுடுண்ணே" என்று ஒரு தம்பி போன மாதம்கூட நின்றான். வாங்குகிறவர் குன்னூர்க்காரராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, புதுக் காயில் என்ன விலை என்று கேட்டான்.