வாடகை கார், வைக்கோல், ரெண்டு நிமிஷ வீடியோ

வாடகைத் தகராறு தஞ்சாவூர்க்காரனுக்குப் புதுசு இல்லீங்க. குத்தகை ஊரு இது. உழுதவன் வாய்ப்பேச்சை நம்பி உழுதான். கணக்கு மட்டும் பண்ணை வீட்டு நோட்டுல இருந்தது. "போன போகத்துல நீ பாக்கி"ன்னு சொன்னா, இல்லைன்னு காட்ட அவன் கையில துண்டுச் சீட்டு கிடையாது. 1952ல ராஜாஜி ஆட்சியில தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்புறம் 1969ல, குத்தகைதாரர் பேரை அரசாங்கப் பதிவேட்டிலேயே ஏத்தணும்னு தனியா ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. எங்க தாத்தாவும் குத்தகைச் சாகுபடிதான்.

செல்ஃப் டிரைவ் கார் எடுக்கறப்போ நாமளும் அதே இடத்துலதான் போய் நிக்கிறோம்னு இந்தத் தை மாசம் புரிஞ்சது.

நான் புக் பண்ணினது ஒரு மாடல். திருச்சியில போய் நின்னா வேற வண்டி. "அல்லது அதற்கு இணையான வண்டின்னு கண்டிஷன்ல இருக்கு சார்"னு பையன் சிரிச்சான். வாஸ்தவம்தான். நாம முன்பதிவு பண்றது ஒரு ரகத்தை, குறிப்பிட்ட வண்டியை இல்ல. ஆனா அந்த மாத்து வண்டியோட பழைய காயமெல்லாம் நம்ம தலையில விடியலாம். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சுத்து வீடியோ எடுத்தேன். நாலு பக்கம், பம்பருக்கு அடியில, டயர், ஓடின கிலோமீட்டர், பெட்ரோல் முள். மொத்தம் ரெண்டு நிமிஷம். அங்கேயே அவங்க வாட்ஸப் நம்பருக்கு அனுப்பிட்டேன், தேதியும் நேரமும் பதிவாகணும்ல.

சம்பா அறுவடை சமயத்துல நம்ம பக்கம் கிராமத்து ரோடு பாதி களம்தான். ஒரு ஓரம் நெல்லு காயும், இன்னொரு ஓரம் வைக்கோல். எதிர்ல அறுவடை மெஷின் வந்தா வாய்க்கால் கரையோரம் ஒதுங்கித்தான் ஆகணும். வாடகை ஒப்பந்தம் எழுதினவங்க திருவையாறு தாண்டி வந்திருக்கவே மாட்டாங்க :)

வண்டியை ஒப்படைச்ச மூணாம் நாள் மெசேஜ். இடது கதவுல கீறல், பம்பர் அடியில உடைசல், டெபாசிட்ல ரூ.14,500 பிடித்தம். அடியில சுத்தின வைக்கோலை எடுக்கத் தனியா ரூ.600. வைக்கோல் காசு நியாயம், கொடுத்துட்டேன். ஆனா கீறலும் உடைசலும் என் வீடியோவுல அப்படியே இருக்கு.

அப்பா, "பெரிய கம்பெனியோட என்னடா வழக்கு? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விடு"ன்னார். கிட்டத்தட்ட ஒரு மா நிலத்து நெல்லுக் காசுங்க அது. அதை விடச் சொல்ற பழக்கம் எத்தனை தலைமுறைப் பழக்கம்னு யோசிச்சேன்.

மூணே கேள்வி எழுதி அனுப்பினேன். சேதாரப் படம் எடுத்த தேதி, நேரம் என்ன? பழுது பார்த்த பில் எங்க (எஸ்டிமேட் வேண்டாம்)? என்கிட்ட கொடுத்தப்போ வண்டி நிலைமையைப் பதிவு பண்ணின தாள் எங்க? "எங்க சிஸ்டத்துல வண்டி நல்ல நிலையில இருந்ததா இருக்கு"ன்னு பதில். அதாவது பண்ணை நோட்டு! இந்த நோட்டை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு அமெரிக்காவுல பார்த்தாச்சு. வாடகைக்கு எடுத்த காரைத் திருடினதா தப்பா புகார் கொடுத்துட்டாங்கன்னு ஹெர்ட்ஸ் மேல வாடிக்கையாளர்கள் போட்ட 364 வழக்கை முடிக்க, 2022 டிசம்பர்ல அந்த நிறுவனம் சுமார் 16.8 கோடி டாலர் தர ஒத்துக்கிச்சு.

அடுத்து 1915க்கு போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பத்தொன்பதாம் நாள் 14,500 திரும்பி வந்தது. மன்னிப்பு வரல.

அங்க முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஒப்பந்தத்துல அபராதம்னு ஒரு தொகை போட்டிருந்தாலும் அது முழுசா அவங்களுக்குப் போயிடாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவு, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடுன்னுதான் சொல்லுது.

இன்னொண்ணு. கறுப்பு நம்பர் பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருந்தாத்தான் அது முறையான செல்ஃப் டிரைவ் வண்டி. தெரிஞ்சவர் ஓன் போர்டு வண்டின்னு மலிவா கிடைக்குதேன்னு எடுத்தா, அடிபட்டப்புறம் இன்சூரன்ஸ்காரங்க கைவிரிக்க வாய்ப்பு இருக்கு.

பணம் வந்ததைச் சொன்னதுக்கு அப்பா ஒண்ணும் சொல்லல. தாளடி அறுப்புக்கு மெஷின் வந்தப்போ, இறங்கறதுக்கு முன்னாடியே மீட்டரை செல்போன்ல படம் எடுத்து வச்சுக்கிட்டார்.