யோகி பாபு சும்மா நின்ற படம்

நகைச்சுவை நடிகர் ஒருவர் வேறு மாதிரி வேடம் கட்டினால் அவருக்குக் கிடைக்கும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: சிரிக்க வைப்பவருக்கு அழவைக்கவும் தெரிகிறதே! 'சர்வர் சுந்தரம்' நாகேஷ் முதல் 'விடுதலை' சூரி வரை சிரிப்பைக் கீழ்ப்படியிலும் கண்ணீரை மேல்படியிலும் வைத்தே பார்க்கிறோம். மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா' (2021) இந்த அளவுகோலுக்குள் அடங்காது. அதில் யோகி பாபு அழுது பெயர் வாங்கவில்லை. சிரிக்க வைக்கும் வேலையை ஊராரிடம் விட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார். நையாண்டிப் படத்தில் ஒரு நகைச்சுவை நடிகருக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை என்பது என் கட்சி.

கதை ஊராட்சித் தலைவர் தேர்தலைப் பற்றியது. பெயர்கூட இல்லாமல் 'இளிச்சவாயன்' என்று அழைக்கப்படும் முடிதிருத்துபவருக்கு அஞ்சலகக் கணக்கு தொடங்கப் பெயர் தேவைப்படுகிறது. நெல்சன் மண்டேலா ஆகிறார். பிறகு இரு தரப்புக்கும் நடுவே அவருடைய ஒற்றை வாக்குதான் மிச்சம். இதன் கூர்மை கடத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் விளங்கும். கடத்தூர் பேரூராட்சியில் மக்கள் கட்சிச் சின்னத்தில் வார்டு உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பது அந்த உறுப்பினர்கள். சுற்றியுள்ள ஊராட்சிகளிலோ தலைவருக்கே நேரடி வாக்கு, கட்சிச் சின்னம் கிடையாது. சின்னம் விலகிய இடத்தில் சாதியும் பங்காளிச் சண்டையும் வந்து உட்காரும். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது விரல்நுனியில் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வேட்பாளர்கள் அடிக்கும் கூத்தே போதுமான நகைச்சுவை. நடுவில் நிற்பவரும் சேட்டை செய்தால் இரண்டும் கெட்டுவிடும். படம் 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியில் வந்தது. சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. இலவசங்கள் குவியும் காட்சிகளுக்கு அந்த வாரம் விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

நகைச்சுவை நடிகர் சும்மா நிற்கும் இந்த உத்தி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க நகைச்சுவை நடிகர் வில் ஃபெரல் 2012இல் 'காசா தே மி பாத்ரே' என்ற படத்தில் ஏறக்குறைய முழுக்க ஸ்பானிஷ் பேசி நடித்தார். மெக்சிகோ மெலோடிராமாக்களை நையாண்டி செய்யும் படம் அது. அவரோ கண் சிமிட்டாமல், அத்தனையையும் நம்புகிறவர் போலவே நடிக்கிறார். பொம்மை மிருகமும் வரைந்த பின்னணியும் சிரிப்பைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அங்கே கேலி சினிமாவின் மீது. இங்கே ஓட்டு கேட்டு வாசலுக்கு வருபவர் மீது. நம்முடையதற்குத்தான் துணிச்சல் கூடுதல்.

சும்மா நிற்கத் தேர்ந்த குணச்சித்திர நடிகர் போதாதா என்று கேட்கலாம். போதாது. யோகி பாபுவின் தலைமுடியையும் உடம்பையும் மற்ற பாத்திரங்கள் கேலி செய்ய, நாம் பல படங்களில் சேர்ந்து சிரித்திருக்கிறோம். மண்டேலாவை அந்த ஊர் நடத்தும் விதமும் அதுதான். ஆகவே பார்வையாளரும் அந்த ஊராரில் ஒருவராகிவிடுகிறார். குணச்சித்திர நடிகர் மீது நமக்கு அந்தப் பழைய பாக்கி இல்லை. 'மாமன்ன'னில் (2023) வடிவேலு உட்காராமல் நிற்கும்போதும் இதே கணக்குத்தான்: அடிவாங்கி நம்மைச் சிரிக்க வைத்த அதே உடம்பு அல்லவா அங்கே கூனி நிற்கிறது.

'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) எதிர்ச்சான்றாகக் காட்டப்படலாம். அதில் முகம் முழுக்கச் சேட்டைதானே என்பார்கள். உண்மை. ஆனால் அங்கே நையாண்டிக்கு இலக்கே அரியணையில் இருப்பவர், வடிவேலு முகம் சுளிப்பது அவசியம். அதே படத்தில் அவர் ஏற்ற இன்னொரு வேடம், புரட்சிக்காரத் தம்பி, வேறு மாதிரி நடிக்கக் கிடைத்த வாய்ப்பு. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வீரனாக நிற்பதற்கு மட்டும் எழுதப்பட்ட வேடம் அது. சுற்றியிருப்பவர்களின் அபத்தத்தை அது தாங்கவில்லை.

'மண்டேலா'வுக்கும் குறை உண்டு. நாயகன் ஊர் நலனுக்காகக் கேட்கத் தொடங்கிய பிறகு நையாண்டி தளர்ந்து உபதேசம் எட்டிப் பார்க்கிறது. அது எழுத்தின் தளர்ச்சி, யோகி பாபு அங்கும் குரலை உயர்த்தவில்லை. தெலுங்கில் 'மார்ட்டின் லூதர் கிங்' (2023) என்று மறுஆக்கம் செய்தபோது நாயகனாகச் சேர்த்துக்கொண்டது, நட்சத்திரப் படங்களைக் கேலி செய்தே பெயர் பெற்ற சம்பூர்ணேஷ் பாபுவை.