அறுபதுக்கு மேல் கேதார்நாத்: ஒரே நாளில் ஏற வேண்டாமே!

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம் தமிழ் பக்தர்களுக்குப் புதிய ஊர் அல்ல. பணி ஓய்வு பெற்ற கையோடு முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் இப்போது நிறைய. கௌரிகுண்டோடு வண்டிப் பாதை முடிந்துவிடும். அங்கிருந்து மந்தாகினி ஆற்றை ஒட்டிச் சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம்.

தூரத்தைவிட உயரம்தான் சோதிக்கும். கௌரிகுண்ட் சுமார் 2,000 மீட்டர். ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வு. கேதார்நாத் 3,583 மீட்டர். தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்! இளைஞர்கள் ஒரே நாளில் ஏறிவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. முதல் இரவு குப்தகாசியிலோ கௌரிகுண்டிலோ தங்கி, வழியில் லிஞ்சோலி கூடாரங்களில் இன்னோர் இரவு கழித்தால், குறைந்த ஆக்ஸிஜனுக்கு உடம்பு பழகும். கூடாரத்தில் இடம் இருக்கிறதா என்று கீழேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கிளம்பும் முன் யாத்திரைக்குப் பதிவு செய்வது கட்டாயம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் புறப்படக் கூடாது. மலை நோய்க்கான மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டுமே போட வேண்டும்.

முதுகுப் பையில் ஐந்து கிலோவுக்குள் இருக்கட்டும். மழைக்கோட்டு, ஸ்வெட்டர், மாற்று சாக்ஸ், தண்ணீர், கொஞ்சம் வேர்க்கடலை, வெல்லம் போதும். தினசரி மாத்திரைகள் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்க வேண்டும். மூட்டையைக் குதிரையில் ஏற்றி அனுப்பினால் அது எப்போது வந்து சேருமோ! ஷூ புதிதாக இருக்கக் கூடாது. கால் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டால் இறங்கும்போது விரல் நோகாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். கைத்தடி இரண்டுக்கும் உதவும்.

எதிரே குதிரைகள் வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்க வேண்டும், பள்ளத்தாக்குப் பக்கம் நிற்கவே கூடாது. முடியாதபோது டோலியில் ஏறுவதில் வெட்கம் இல்லை. மழைக்காலத்தில் மண்சரிவு அதிகம் என்பதால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்க்கலாம்.

தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். குறையவில்லை என்றால் இறங்குவதே மருந்து. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. உதவி கேட்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

கோயிலை நெருங்கிவிட்டுத் திரும்ப யாருக்குத்தான் மனசு வரும்? தள்ளாத வயதில் கயிலைக்கு நடந்த அப்பருக்கும் மனசு வரவில்லை என்கிறது பெரியபுராணம். ஆனால் ஈசன் அவருக்குக் காட்சி தந்தது கயிலையில் அல்ல, திருவையாற்றில்.

ஊரிலிருந்து போன் செய்கிற பிள்ளைகளும் “தரிசனம் ஆச்சா?” என்று கேட்கும் முன், “தலை வலிக்குதாப்பா? மூச்சு சரியா இருக்கா?” என்று கேட்கலாம்.