வத்தல் நெடியும் நெஞ்சின் முறையீடும்

விளாத்திகுளத்தில் மாசி, பங்குனி மாதங்களில் யாரேனும் இருமினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரிசல் காட்டு மிளகாய் களத்தில் காய்ந்து, மூடை மூடையாகக் கமிஷன் கடைகளுக்கு வந்து சேரும் காலம் அது. அந்த வத்தல் நெடியிலேயே நாற்பதாண்டுகள் கழித்தவர் என் அண்ணன். அவருடைய இருமலையும் இளைப்பையும் தொழிலோடு பிறந்தவை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எத்துணைப் பெரிய பிழை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். மாத்திரைகளைச் சில மாதங்கள் உண்டார்; தலைச்சுற்றல் நின்றதும் அவற்றையும் நிறுத்திவிட்டார். "உடம்பு சொல்லாத நோய்க்கு மருந்து எதற்கு, தம்பி?" என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சென்ற ரமளானில் தராவீஹ் தொழுகையின் நடுவே அவர் நாற்காலியைத் தேடினார். இரவில் இரண்டு தலையணைகளை அடுக்கினால்தான் அவருக்கு உறக்கம் வந்தது. மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு வாரின் தடம் பதிந்து நின்றது. அப்போதும் நான்தான், "நெடி நெஞ்சில் இறங்கியிருக்கும்; ஆவி பிடியுங்கள்" என்றேன்.

பெருநாள் கழிந்து மதுரையில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். "இந்த இளைப்பு நுரையீரலுடையதா, இதயத்துடையதா என்பதை இரத்தத்திடமே கேட்போம்" என்று கூறி, அவர் ஒரு பரிசோதனையை எழுதித் தந்தார். என்.டி. புரோ பி.என்.பி. என்பது அதன் பெயர்.

அப்பெயரின் பின்னே வியப்புக்குரிய வரலாறு ஒன்று உண்டு. 1981இல் கனடாவில் டி போல்டு என்னும் அறிஞரும் அவருடன் இருந்தோரும் எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் சிறுநீரில் உப்பும் நீரும் மிகுதியாக வெளியேறின. குருதியை இறைப்பது மட்டுமே இதயத்தின் வேலை அன்று, அது ஒரு சுரப்பியும் ஆகும் என்பது அன்று புலனாயிற்று. 1988இல் ஜப்பானிய அறிஞர்கள் அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளை விலங்கின் மூளையில் கண்டனர். ஆகவே மூளையின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதனை மிகுதியாகச் சுரப்பவை இதயத்தின் கீழறைகளே என்பது பின்னர்த் தெரிந்தது.

உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் இறைத்து இறைத்து, இடக் கீழறையின் சுவர் மூடை சுமப்பவரின் தோளைப்போலத் தடிக்கிறது. தடித்த சுவர் விறைக்கிறது. உள்ளழுத்தம் ஏற, தசை இழுபடுகிறது. இழுபட்ட தசை அப்பொருளைக் குருதியில் விடுகிறது. 'உப்பை வெளியேற்றுங்கள், குழாய்களைத் தளர்த்துங்கள்' என்று சிறுநீரகத்திடமும் இரத்த நாளங்களிடமும் இதயம் செய்யும் முறையீடு அது. டிரோபோனின் என்பது மற்றொரு சாட்சி. இதயத் தசை புண்படும்போது அது குருதியில் கசிகிறது. மாரடைப்பில் பெருகும் அப்பொருள், நெடுநாள் கொதிப்பு உள்ளவர்களிடமும் நுண்ணிய சோதனையில் சிறிதளவு தென்படுவதுண்டு. உடம்பு சொல்லாமல் இருக்கவில்லை; நாங்கள்தாம் கேட்கவில்லை.

மூச்சுத் திணறலோடு வந்த 1,586 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியாயிற்று. இளைப்பு இதயத்தால் வந்ததா என்று பிரித்தறிய பி.என்.பி. சோதனை பெரிதும் உதவும் என்று அது காட்டியது. அவசர நிலையில் இல்லாதவருக்கு, என்.டி. புரோ பி.என்.பி. மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழிருந்தால் இதயத் தளர்ச்சி இருக்க வாய்ப்புக் குறைவு. அண்ணனுக்கு அது 1,900ஐத் தாண்டியிருந்தது. எக்கோ படமும் சுவர் தடித்திருப்பதைக் காட்டிற்று. எண் ஒன்றே தீர்ப்பன்று என்றும் மருத்துவர் விளக்கினார். முதுமை, சிறுநீரகக் கோளாறு, ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவை அதனை உயர்த்தும், உடற்பருமன் தாழ்த்தும்.

அன்று நானும் கையை நீட்டினேன். எனக்கும் கொதிப்பு உண்டு. வந்த எண் 80. நான் மகிழ்ந்ததைக் கண்ட மருத்துவர், இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார், 160 இருந்தது. "இந்த எண்பது இன்றைய செய்தி, நாளைக்கு உத்தரவாதம் அன்று. இதைக் காட்டி மாத்திரையை விட்டால், அண்ணன் வந்த வழியிலேயே வந்து சேர்வீர்கள்" என்றார்.

கொதிப்புள்ள அனைவருக்கும் இச்சோதனை உடனே வேண்டும் என்பதில்லை. அழுத்தத்தை அளத்தல், ஈ.சி.ஜி., சிறுநீரகச் சோதனை ஆகியவையே முதற்படி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தம் பார்க்கக் காசு கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பளங்கள் சூழ்ந்த மாவட்டத்தில், கருவாடும் ஊறுகாயும் இன்றிக் கஞ்சி இறங்காத நமக்கு இது எளிதன்று. ஆயினும் இதயம் எதனை வெளியேற்ற மன்றாடுகிறதோ, அதனையே நாம் வாரி வாரி உண்பது என்ன முறை?

உடம்பிலுள்ள அந்தச் சதைத் துண்டைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அனைவரும் அறிவோம். உள்ளத் தூய்மைக்காக அதனை ஓயாமல் பேசுகிற நாம், அந்தச் சதைத் துண்டும் ஓர் அமானிதம் என்பதை மறந்துவிடுகிறோம். மேலே வெடித்துக் கிடக்கும் கரிசலைப் பார்த்து மட்டும் சம்சாரி விதைப்பதில்லை. ஒரு சாண் தோண்டி ஈரம் பார்த்தே விதைக்கிறான். உடலுக்கும் அந்த விவேகம் வேண்டும்.

மதினி ஊறுகாய்ச் சாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், அண்ணன் இப்போது ஒற்றைத் தலையணையில் உறங்குகிறார். வத்தல் காலத்தில் கடையில் யார் இருமினாலும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.